மருதமுனைச் சூட்டுக்கூடை: 2,800 ரூபாய்க்குப் பெறுமதியா?

கொதித்த பானையை உள்ளே வைத்து மூடினால் அடுப்பில்லாமலே மிச்சம் அவிகிற கூடை இது. "காஸில் பாதி மிச்சம்" என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டு மருதமுனையில் விற்கிறார்கள். பாதி மிச்சமாகாது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும், அதுவும் உங்கள் வீட்டில் என்ன சமைக்கிறீர்கள், எத்தனை பேருக்குச் சமைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதைக் கேட்டுவிட்டு "அப்ப வேண்டாம்" என்று போகிறவர்கள் போகலாம், ஆனால் நான் வாங்கியதற்கு வருத்தப்படவில்லை. ஏன் என்பதையும், முழுக்கூடையை வாங்காமலே அதே பலனை எடுப்பது எப்படி என்பதையும் கீழே எழுதுகிறேன்.

முதலில் சாமான் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தடித்த பனையோலையால் இழைத்த உருண்டைக் கூடை, விளிம்புக்குப் பிரம்பு கட்டியிருக்கிறது. உள்ளே குழியான ஒரு மெத்தை, மேலே மூட தலையணை மாதிரி இன்னொரு மெத்தை. இரண்டுக்கும் உறை கைத்தறிச் சாரத்துணியின் வெட்டுத் துண்டுகள். மருதமுனையில் தறி போடும் வீடுகளில் கரைப்பக்கம் வெட்டிவிடும் துணியும் அறுந்த நூலும் மூட்டை மூட்டையாகச் சேரும் அல்லவா, அந்த நூலைத்தான் உள்ளே அடைத்திருக்கிறார்கள். என்னுடைய மெத்தையில் ஒரு பக்கம் ஊதா, ஒரு பக்கம் பச்சைக் கட்டம், நடுவில் எங்கேயோ கல்யாணச் சாரத்தின் மினுங்கல் நூல் ஒன்று வேறு ஓடுகிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அழகுக்காக யாரும் இதை வாங்கப் போவதில்லை.

வேலை செய்யும் விதம் மிக எளிது. சோற்றையோ பருப்பையோ அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுகிறோம். நன்றாகக் கொதித்துச் சில நிமிடம் போனதும் மூடியோடு தூக்கிக் கூடைக்குள் வைத்து மேல் மெத்தையை அமுக்கி மூடுகிறோம். அடுப்பை அணைத்துவிடலாம், பானைக்குள் இருக்கும் சூட்டிலேயே மிச்சம் அவியும். தண்ணீர் கொதித்த பிறகு நாம் எரிக்கிற காஸ் எல்லாம் சோற்றை இன்னும் சூடாக்குவதற்கில்லை, ஏனென்றால் தண்ணீர் 100 பாகைக்கு மேல் போகாது. பானையின் பக்கங்களாலும் ஆவியாலும் வெளியே போகிற சூட்டை ஈடுகட்டத்தான் அந்தக் காஸ் எரிகிறது. சூடு வெளியே போகாமல் அடைத்துவிட்டால் ஈடுகட்ட வேண்டிய தேவையும் இல்லை. அரிசியின் மாப்பொருள் 80 பாகைக்குள்ளேயே இளகிவிடும், அதனால் பானை மெல்ல மெல்லச் சூடு இறங்கினாலும் சோறு அவிந்துகொண்டே இருக்கும்.

இது புதுசும் இல்லை. 1867இல் பாரிஸ் கண்காட்சியில் நோர்வேக்காரர்கள் இப்படியொரு சமையல் பெட்டியைக் காட்டினார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்துக்காரர் வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் பானையை வைத்துச் சமைத்தார்கள். 2008இல் தென்னாபிரிக்காவில் சாரா கொலின்ஸ் என்பவர் இதையே துணிப்பையாகத் தைத்து வொண்டர்பேக் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். போடியார் என்கிற பெரிய வயல்காரர் வீட்டு வளவில் வைக்கோல் போர் மலைபோல் கிடக்கிற நம் ஊரில் இது ஏன் பரவவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். விறகுக்குப் பஞ்சமில்லாத காலத்தில் யாருக்கும் தேவைப்பட்டிருக்காது போல.

எங்கள் வீடு களுவாஞ்சிக்குடி. அம்மா, கணவர், நான், இரண்டு பிள்ளைகள், அது தவிர ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது வந்து சேர்வார்கள். கூடையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "நெருப்பில்லாம எப்பிடிப் புள்ள சோறு அவியும்?" இப்போது தினமும் கூடையை மூடுகிறவர் அம்மாதான், ஆனால் "சரியாத்தான் அவிஞ்சிருக்கு" என்று இன்னும் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. அவருடைய குறை வேறு. கூடைச்சோற்றில் கஞ்சி வடிக்க முடியாது. தண்ணீரை அளந்து வைத்து, முழுவதையும் அரிசியே குடிக்க வேண்டும். வடித்த கஞ்சியில் உப்பும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விட்டுக் காலையில் குடித்துப் பழகியவருக்கு அது பெரிய இழப்பு. நீங்களும் வடித்த சோறு மட்டும்தான் சாப்பிடுவீர்கள் என்றால் வாங்கும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள். கூடைச்சோறு கொஞ்சம் மெதுமெதுவென்று, மணிகள் ஒன்றோடொன்று ஒட்டித்தான் இருக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது. குழம்பு விட்டுப் பிசைந்தால் வித்தியாசம் தெரியாது, ஆனால் சம்பலும் பொரியலும் மட்டும் வைத்துச் சாப்பிட்டால் தெரியும்.

அளவு சொல்கிறேன், ஏனென்றால் கூடையோடு தருகிற துண்டுத்தாளில் இருக்கும் அளவு சரியில்லை. சிவப்புப் பச்சையரிசி ஒரு சுண்டுக்கு இரண்டு சுண்டு தண்ணீர் போதும். அடுப்பில் வழக்கமாக வைக்கிற அளவு வைத்தால் குழைந்துவிடும், ஆவியாகப் போகிற தண்ணீர் இதில் போவதில்லை. கொதி வந்த பிறகு மூடியோடு ஐந்தாறு நிமிடம், பிறகு கூடைக்குள் முக்கால் மணித்தியாலம். நாட்டரிசி என்றால், அது புழுக்கின அரிசி, பத்து நிமிடம் கொதிக்க வேண்டும், கூடைக்குள் ஒன்றேகால் மணித்தியாலம் இருக்க வேண்டும். அரை மணித்தியாலம் ஊறவைத்துவிட்டுச் செய்தால் இன்னும் நன்று. மைசூர்ப் பருப்பு சும்மாவே சீக்கிரம் அவியும், ஐந்து நிமிடம் கொதித்தால் கூடை பார்த்துக்கொள்ளும். கௌபியும் கடலையும்தான் இந்தக் கூடையின் உண்மையான வேலை. இரவில் ஊறவைத்து, காலையில் கால் மணித்தியாலம் கொதிக்கவிட்டு, கூடைக்குள் தள்ளிவிட்டு வேலைக்குப் போனால் மத்தியானம் வந்து திறக்கும்போது விரலால் நசுக்கினால் நசிகிறது. தோல் கழன்று கரைந்து போவதுமில்லை. பிரஷர் குக்கரில் கௌபி ஒரு விசில் கூடினால் கூழாகிவிடும், இதில் அந்தப் பயம் இல்லை.

விற்கிற உம்மா சொன்ன ஒரே விதிதான் முக்கியம்: "திறந்து திறந்து பாக்கப்படாது மகள், ஆவி போனா எல்லாம் போச்சு." நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் இரண்டும் மாறி மாறி மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அன்றைக்குக் கடலை கடலையாகவே இருக்கும்.

அடுத்தது, பானை நிறைய இருக்க வேண்டும். முக்கால் பானையாவது வேண்டும். உள்ளே இருக்கிற தண்ணீரும் தானியமும்தான் சூட்டைப் பிடித்து வைத்திருப்பது, கொஞ்சமாக வைத்தால் சீக்கிரம் ஆறிப்போகும். அதனால் இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இந்தக் கூடை சரிவராது. கூடைக்காரர் செய்வது ஒரே அளவு, இருப்பதும் ஐந்து லீற்றர்ப் பானைக்கு அளவான கூடை. சின்ன அளவு செய்து தரச்சொல்லிக் கேட்டேன், "ஓடரா வந்தாச் செய்வம்" என்றார்கள்.

இனிக் காசுக் கணக்கு. லிட்ரோ கம்பனியின் 12.5 கிலோ சிலிண்டரின் கொழும்பு விலை 2025இல் 3,690 ரூபாய். இங்கே வந்து சேரும்போது கொஞ்சம் கூடும், அதை விடுவோம். அந்த விலைக்கு ஒரு கிலோ காஸ் 295 ரூபாய், பத்துக் கிராம் மூன்று ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் பார்க்கச் சுகம். வீட்டு அடுப்பின் பெரிய பேர்னர் முழுத்தீயில் மணித்தியாலத்துக்கு 150 கிராமுக்கு மேல் குடிக்கும். தீயைக் குறைத்து வைத்தால் அதில் மூன்றில் ஒன்று. சோற்றுக்குக் கொதி வந்த பிறகு எரிகிற இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் மிஞ்சி மிஞ்சிப் போனால் ஏழெட்டு ரூபாய்க்குக் காஸ் போகும். கடலைக்கு ஒரு மணித்தியாலம் என்றால் பதினைந்து ரூபாய். நாளைக்கு இப்படிப் பதினைந்து இருபது ரூபாய் மிச்சம் பிடித்தால் மாதத்துக்கு ஐந்நூறு சொச்சம். 2,800 ரூபாய்க் கூடை தன் விலையை எடுக்க ஐந்தாறு மாதம் போகும். எங்கள் வீட்டில் சிலிண்டர் ஒன்றரை மாதம் வரை வராது, இப்போது அதைத் தாண்டி வருகிறது. பாதி மிச்சம் என்று எழுதியிருப்பது எப்படி என்று கேட்டால், சோற்றுக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் பாதிக்குக் கிட்ட வரும்தான். ஆனால் மனிதர் சோறு மட்டுமா சமைக்கிறோம்? மீன் பொரிக்கிறது, ரொட்டி சுடுகிறது, தாளிக்கிறது, தேத்தண்ணிக்கு நாளெல்லாம் கேத்தல் வைக்கிறது, இதில் ஒன்றுக்கும் கூடை உதவாது.

மாதம் ஐந்நூறு ரூபாய் என்ன பெரிய காசா என்று கணவரும் கேட்டார். பெரிய காசு இல்லை. ஆனால் 2022 ஏப்ரலில் அதே சிலிண்டர் 2,675இலிருந்து ஒரே நாளில் 4,860க்கு ஏறியபோது நாங்கள் எல்லோரும் எங்கே நின்றோம் என்று நினைத்துப் பாருங்கள். அந்த விலைக்கும் சாமான் இல்லை. வெறும் சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டி வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பொச்சுமட்டையும் சிரட்டையும் பொறுக்கி எரித்தோம். அந்த நேரம் எங்களிடம் இந்தக் கூடை இருந்திருந்தால் சிலிண்டரின் கடைசிக் கொஞ்சத்தை இன்னும் ஒரு கிழமை இழுத்திருப்போம். மாரியில் வெள்ளம் ஏறிப் பாதை அறுந்து லொறி வராத நாட்களுக்கும் இதே கதைதான்.

விறகடுப்புக்காரருக்கும் இது நன்றாகப் பொருந்தும், சொல்லப்போனால் காஸ்காரரைவிட அவர்களுக்குத்தான் கூடுதல் லாபம். புகைக்குள் நிற்கிற நேரம் குறையும், அது காசில் வராத லாபம். ஒரே தொல்லை கரி. அடிக்கரியோடு பானையைக் கூடைக்குள் வைத்தால் மெத்தை இரண்டு நாளில் கறுத்துவிடும். பழைய சாரம் ஒன்றில் பானையைச் சுற்றி வைக்க வேண்டும், அல்லது பானையின் வெளிப்பக்கம் சாம்பல் குழைத்துப் பூசி அடுப்பில் வைத்துவிட்டுப் பிறகு துடைக்க வேண்டும், நம் அம்மம்மாமார் செய்ததுபோல.

குறைகளுக்கு வருவோம். தையல் மோசம். குழி மெத்தையின் அடிப்பக்கத்தில் நூல் விட்டுப்போய் உள்ளே அடைத்த கழிவுநூல் வால் வாலாக வெளியே வந்தது. திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினேன், முகம் சுளிக்காமல் அங்கேயே மெஷினில் வைத்து இரட்டைத் தையல் போட்டுத் தந்தார்கள், காசு வாங்கவில்லை. நல்ல மனிதர்கள், ஆனால் அந்த இரட்டைத் தையலை முதலிலேயே போட்டிருக்கலாமே. வாங்கும்போது மெத்தையைத் திருப்பி அடித்தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, ஈரம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆவி மேல் மெத்தைக்குள் இறங்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கொடியில் போட்டால் அரை நாளில் மொறமொறவென்று காய்ந்துவிடும். மார்கழி, தை மழையில் என்ன செய்வது? என்னுடைய மேல் மெத்தையில் பூஞ்சணம் புள்ளி புள்ளியாகப் பிடித்து, ஈரச்சாக்கு மணம் வரத் தொடங்கிவிட்டது. உறையைக் கழற்ற முடியாமல் தைத்திருப்பதால் உள்ளே இருக்கும் நூலோடு சேர்த்துத்தான் கழுவ வேண்டும், கழுவினால் மழைநாளில் மூன்று நாளைக்கும் காயாது. உறைக்கு ஒரு பக்கம் நாடா வைத்துத் தைத்தால் பிரச்சினை தீர்ந்தது. சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் நான் செய்வது, பானைக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு பழைய துவாயை மடித்து வைக்கிறேன். ஆவி துவாய்க்குள் போகிறது, துவாயைத் தினமும் மாற்றலாம்.

கறிமணம் ஏறுவது மூன்றாவது. ஒருமுறை ஆட்டெலும்புச் சூப் வைத்த பிறகு அடுத்த நாள் பால்சோற்றிலும் அந்த வாசம் இருந்தது. கருவாடு பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள்.

சில சாப்பாடுகளை இதற்குள் வைக்கவே கூடாது, இதைத் துண்டுத்தாளில் அவர்கள் போடவே இல்லை என்பதுதான் எனக்குக் கொஞ்சம் கோபம். மரவள்ளி முதலாவது. மரவள்ளிக் கிழங்கில் இருக்கும் நஞ்சு ஆவியோடு வெளியேற வேண்டும், அதனால்தான் நம் ஆட்கள் அதை மூடாமல் அவிப்பார்கள். அதைக் கொண்டுபோய் ஆவி போகாத கூடைக்குள் அடைப்பது புத்தியில்லாத வேலை. சிவப்பு நிறப் பெரிய போஞ்சிக்கொட்டை, கிட்னி பீன்ஸ் என்று கடையில் வைத்திருப்பது, அதை ஊறவைத்த தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவைக்காமல் கூடைக்குள் வைத்தால் வயிற்றைக் கலக்கிவிடும். குறைந்த சூட்டில் அதன் நஞ்சு அழியாது. இறைச்சி என்றால் சின்னத் துண்டாக வெட்டி, உள்வரை கொதித்த பிறகுதான் கூடை. தேங்காய்ப்பாலைக் கூடைக்குள் விடாதீர்கள், எடுத்த பிறகு அடுப்பில் ஒரு கொதி வைத்து விடுங்கள், நம் வெக்கைக்குப் பால் சீக்கிரம் பழுதாகும்.

இன்னொன்று, கூடைக்குள் வைத்தது நாள் முழுக்கச் சூடாக இருக்கும் என்று நினைத்து மறந்துவிடக் கூடாது. சாப்பாட்டின் சூடு 60 பாகைக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருகத் தொடங்கும். சோற்றில் பசிலஸ் செரியஸ் என்று ஒரு கிருமி இருக்கிறது, அதன் வித்து கொதிதண்ணீரிலும் சாகாது, சோறு இளஞ்சூட்டில் கிடந்தால் முளைத்துப் பெருகும். நான் கணக்கு வைத்திருப்பது நான்கு மணித்தியாலம். அதற்குள் எடுத்துவிட வேண்டும், தானியமும் பருப்பும் என்றால் எடுத்த பிறகு இன்னொரு கொதி. மூடியைத் திறக்கும்போது கை வைக்க முடியாத ஆவி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் உடனே அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிடுங்கள், எத்தனை மணித்தியாலம் கிடந்தது என்றே தெரியவில்லை என்றால் வெளியே கொட்டுங்கள், மிச்சம் பிடித்த ஏழு ரூபாய்க்காக ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம்.

"ரைஸ் குக்கர் இருக்கும்போது இது எதுக்கு?" என்று கேட்பவர்கள் கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்கள். 700 வாட் குக்கர் ஒருமுறை சோறு வைக்க ஏறக்குறைய 0.25, 0.3 யூனிட் எடுக்கும், மாதத்துக்கு எட்டு, ஒன்பது யூனிட். அது பெரிதில்லை. ஆனால் வீட்டுக் கட்டணத்தில் 60 யூனிட் என்று ஒரு கோடு இருக்கிறது. அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை, நிலையான கட்டணமும் கூடுகிறது. ஐம்பத்தைந்து, அறுபதில் நிற்கிற வீட்டுக்கு அந்த ஒன்பது யூனிட் சும்மா ஒன்பது யூனிட் இல்லை. ஏற்கனவே நூற்றைம்பது, இருநூறு எரிக்கிற வீட்டுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அவர்கள் முதலில் பிரிட்ஜையும் பம்பையும் பார்க்க வேண்டும்.

பிரஷர் குக்கர் இருக்கிற வீட்டில் கடலை, கௌபிக்கான லாபம் பாதியாகக் குறையும், அது ஏற்கனவே காஸை மிச்சம் பிடிக்கிறது. சோற்றுக்கும் சூப்புக்கும் கூடையைப் பாவிக்கலாம். சவூதியிலிருந்தும் கட்டாரிலிருந்தும் வந்து அலுமாரிக்கு மேலே தூசு பிடித்துக் கிடக்கிற ஹொட்பொட்டுகளைப் பற்றியும் கேட்டார்கள். அது சமைத்ததைச் சூடாக வைத்திருக்கத்தான், அடுப்பிலிருந்து எடுத்துச் சோற்றை அதற்குள் மாற்றும்போதே பாதிச் சூடு போய்விடும். கொதித்த பானையோடு அப்படியே வைப்பதுதான் கூடையின் பலம்.

சொல்ல மறந்த இன்னொரு பாவனை: கூடைக்குச் சூடும் குளிரும் ஒன்றுதான், வெளியே உள்ளதை உள்ளே விடாது, உள்ளே உள்ளதை வெளியே விடாது. கல்முனைச் சந்தையில் மீன் வாங்கும்போது ஐஸோடு ஒரு மூடி போட்ட வாளியில் வைத்துக் கூடைக்குள் இறக்கிவிட்டால் வீட்டுக்கு வந்து சேர்ந்து, வெட்டுகிற நேரம் வரைக்கும் ஐஸ் கரையாது. கரண்ட் போன இரவில் பிள்ளைகளின் ஐஸ்கிறீம் டப்பாவைக் காப்பாற்றியதும் இதுதான். நோன்பு காலத்தில் பக்கத்து ஊர்களில் பின்னேர அசர்த் தொழுகைக்குப் பிறகு கஞ்சி காய்ச்சி நோன்பு திறக்கும்வரை சூடாக வைக்க இதைத்தான் பாவிக்கிறார்களாம், அந்த மாதம்தான் தங்களுக்கு வியாபாரம் கூட என்று உம்மா சொன்னார்.

இனி, வாங்கலாமா? ஐந்து பேருக்கு மேல் உள்ள வீடு, தினமும் சோறு, கிழமைக்கு மூன்று நாலு தரம் கடலை, கௌபி, பயறு என்று அவிக்கிற வீடு, காலையில் வேலைக்குப் போய் மத்தியானம் வருகிற ஆள், இவர்களுக்கு நல்ல சாமான். தனியாக இருக்கிறவருக்கும், வடித்த சோறுதான் வேண்டும் என்கிறவருக்கும், குசினியில் கால் வைக்க இடமில்லாதவருக்கும் வேண்டாம். கூடை உண்மையிலேயே பெரியது, எங்கள் குசினியில் மேசைக்கு அடியில் போய்விட்டது, பூனை வேறு மேல் மெத்தையைத் தன் கட்டில் என்று எழுதிக்கொண்டுவிட்டது.

ஆனால் 2,800 கொடுத்து முழுக்கூடையை வாங்கத் தேவையில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். இரண்டு மெத்தையையும் மட்டும் 1,500க்குத் தருவார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். வேலை செய்வது மெத்தைதான், ஓலைக்கூடை வெறும் கூடு. வீட்டில் கிடக்கிற உறுதியான மட்டைப்பெட்டி, பழைய கூடை, மூடி போட்ட பிளாஸ்டிக் பீப்பாய், எதுவும் போதும். அதற்கும் காசில்லை என்றால் சும்மாவே செய்யலாம்: மட்டைப்பெட்டியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்கு மடித்த பழைய சாக்கும் சேலையும், சுற்றிவரப் பழைய தலையணைகள், மேலே இன்னொரு தலையணை. வைக்கோலைக் கையால் அமுக்கி உர மூட்டைக்குள் அடைத்தும் செய்யலாம், தூசு வராமல் மேலே துணி போட வேண்டும், அவ்வளவுதான். மீன்காரர் தூக்கி எறிகிற ரெஜிபோம் (தெர்மாகோல்) பெட்டியும் நல்லது, ஆனால் கொதித்த பானை நேரே பட்டால் ரெஜிபோம் இளகும், துணி சுற்றாமல் வைக்காதீர்கள், மீன்மணம் போக வெயிலில் நாலைந்து நாள் காயவைத்து எடுங்கள்.

பிறகு ஏன் நான் முழுக்கூடை வாங்கினேன் என்று கேட்பீர்கள். அங்கே வாசலில் அந்த ஓலை வேலையைப் பார்த்தால் நீங்களும் வாங்குவீர்கள். அந்த 1,300 ரூபாய் காஸ் கணக்கில் சேராது, ஓலை இழைக்கிற கைக்குப் போகிற காசு, அதில் எனக்கு முறைப்பாடு இல்லை.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள், ஜும்ஆத் தொழுகை நேரம் பூட்டியிருக்கும். உங்கள் பானையின் வாய் அகலத்தையும் மூடியோடு சேர்ந்த உயரத்தையும் நூலால் அளந்து கொண்டுபோங்கள். நீட்டுப் பிடி வைத்த சட்டி ஒன்றும் குழிக்குள் இறங்காது, இரண்டு பக்கமும் காது வைத்த பானைதான் சரி. மூடி இறுக்கமாக உட்காராத பானையாக இருந்தால் கூடைக்கு முன்னால் மூடியைத்தான் வாங்க வேண்டும்.